டேங்கைக் கழற்றிப் பார்த்தால்: ஒரு பழைய புல்லட், ஒரு வெள்ளம், எழுபது வருஷ பெட்ரோல்

இன்னைக்கு எபிசோடு ஒரு இரும்புப் பாத்திரத்தைப் பத்தினது. பைக் ஓட்டுற எல்லாரும் தினமும் இரண்டு முழங்காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டுப் போற பாத்திரம். அதுக்கு மேல இருக்கிற பெயின்ட்டை நாம துடைப்போம், ஸ்டிக்கர் ஒட்டுவோம். உள்ள என்ன இருக்குன்னு பெரும்பாலானவங்க ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது. பெட்ரோல் டேங்க்.

இந்தப் பாத்திரத்தை ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நிலை நம்ம ஊருக்கு வந்தது. 2023 டிசம்பர் 17, 18. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த அந்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யற சராசரி மழையைவிட அது அதிகம். மலையிலும் மழை, அணைகள் நிறைஞ்சு திறந்துவிட்டாங்க, தாமிரபரணி கரையைத் தாண்டியது. கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சந்திப்புப் பக்கம் தெருவெல்லாம் ஆறு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிட்டு நின்னதை டிவியில் பார்த்திருப்பீங்க.

டிவியில் காட்டாத விஷயம் ஒண்ணு சொல்றேன். தண்ணி வடிஞ்ச பிறகு, ஒவ்வொரு தெருவிலும் மெக்கானிக் கடை வாசலில் நின்ன வரிசை. சேறு பூசின பைக்குகள். தள்ளிக்கிட்டு வந்தவை, லோடு ஆட்டோவில் வந்தவை. அதுல பாதிக்கு மேல பத்து, பதினைந்து வருஷம் தாண்டின வண்டிகள். பால் ஊத்துற வண்டி, வாழைத்தார் கட்டிப் போற வண்டி, ஸ்கூல் பிள்ளைகளை மூணு பேரா வெச்சு ஓட்டுற வண்டி. அப்படிப்பட்ட வண்டிக்கு பெரும்பாலும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் இருக்கும், ஏன்னா சட்டப்படி கட்டாயம் அது மட்டும்தான். அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதனால அந்த வண்டி பிழைக்குமா பிழைக்காதா என்பது மெக்கானிக் கையில் இருக்கிற ஸ்பேனரைப் பொறுத்தது. வண்டி இல்லேன்னா அடுத்த நாள் பால் போகாது, அவ்வளவுதான்.

நான் டிசம்பர் கடைசி வாரம் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தேன். வண்ணார்பேட்டையில் இருக்கிற எங்க மாமாவோட புல்லட், 1980கள்ல வாங்கினது, ஒரு நாளுக்கு மேல தண்ணிக்குள்ள நின்னுருந்தது. அதை பாளையங்கோட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிட்ட கொண்டு போனோம். வயசு அறுபதுக்கு மேல. கடைக்குப் போர்டு கிடையாது. "அண்ணாச்சி, இன்ஜினைத் திறந்து பாக்கணுமோ?"ன்னு கேட்டேன்.

"தம்பி, இன்ஜின் எங்கயும் ஓடிப்போவாது. ஆயிலை வடிச்சு வேற ஊத்திக்கிடலாம். முதல்ல டேங்கைக் கழத்துவோம். உள்ள தண்ணி கிடந்தா துருவுக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். யாரும் சாவியைத் தொடாதீய, கிக்கரையும் மிதிக்காதீய."

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன், மெக்கானிக்கல் இல்ல. ஆனா அவர் சொன்ன வரிசையில் இருந்த தர்க்கம் எனக்குப் புரிஞ்சது. ஓடாத இன்ஜினுக்குள்ள இருக்கிற தண்ணி அங்கேயேதான் இருக்கும். டேங்கில் இருக்கிற தண்ணி, ஒரு தடவை நீங்க ஸ்டார்ட் பண்ண முயற்சி செஞ்சா, டியூப் வழியா கார்ப்பரேட்டருக்கு, அங்கிருந்து சிலிண்டருக்குப் போகும். கூடவே வண்டலும் போகும். கார்ப்பரேட்டர் ஜெட்டோட துளை ஊசி முனை அளவு. அதில் ஆற்று வண்டல் ஒரு துகள் போதும்.

மூடின டேங்குக்குள்ள தண்ணி எப்படிப் போச்சுன்னு கேட்கலாம். டேங்க் ஒருநாளும் முழுசா மூடினது கிடையாது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாகணும், இல்லேன்னா உள்ள வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது. அதுக்காக மூடியில் ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு. அதுக்குக் கீழ ஒரு ரப்பர் வாஷர். முப்பது வருஷத்தில் அந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். தலைக்கு மேல தண்ணி நின்னா அந்த வழியா இறங்கும். வெள்ளமே வராட்டியும் அதே துளை வழியா டேங்க் தினமும் மூச்சு விடுது. பகலில் சூடாகி உள்ள இருக்கிற ஆவி வெளியே போகும், ராத்திரி குளிர்ந்து வெளிக்காற்று உள்ள வரும். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் காற்றில் ஈரம் நிறைய. பாதி காலியா இருக்கிற டேங்கோட மேல்சுவரில் அது துளியா படியும். அதனாலதான் பழைய ஆளுங்க வண்டியை நிறுத்திட்டு வெளியூர் போகும்போது டேங்கை நிரப்பிட்டுப் போவாங்க. காசு இருக்குன்னு காட்டறதுக்கு இல்ல.

கழற்றின விதத்தையும் சொல்லிடறேன். முதல்ல பெட்ரோல் காக்கை ஆஃப் பண்ணினார். டியூபை உருவினார், அது காய்ஞ்சு போயிருந்ததால நுனியில் வெட்டித்தான் எடுத்தார். சீட்டை எடுத்தார். டேங்கைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுகள், முன்னாடியும் பின்னாடியும். சேறு காய்ஞ்சு இறுகியிருந்ததால டீசல் தொட்டு வெச்சுட்டு ஒரு டீ குடிச்சார். அப்புறம் இரண்டு கையாலும் பின்பக்கத்தை முதல்ல தூக்கி, பின்னாடி இழுத்து எடுத்தார். டீ நேரத்தைக் கழிச்சா பதினைந்து நிமிஷம். கீழ இருந்த ரப்பர் துண்டுகளையும் வாஷர்களையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வெச்சார். என் வேலையில் அதுக்கு வெர்ஷன் கன்ட்ரோல்னு பெரிய பேர்.

அப்புறம் உள்ள இருந்ததை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் பிடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா வெச்சார். இரண்டு நிமிஷத்தில் மூணு அடுக்கு தெரிஞ்சது. மேல மஞ்சளா பெட்ரோல். நடுவில் ஒரு கலங்கல் திரவம். அடியில் காப்பித்தூள் மாதிரி சேறும் துருவும். அந்த நடு அடுக்குக்குத்தான் இந்த எபிசோடு. ஆனா அதுக்கு முன்னாடி, இந்த டேங்க் ஏன் இந்த வடிவத்தில் இருக்குன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

மோட்டார் சைக்கிள் தொடங்கின காலத்தில், அதாவது 1900களின் முதல் இருபத்தைந்து வருஷம், டேங்க் இப்படி மேல உட்காரலை. சைக்கிள் சட்டத்தில் மேல்பக்கம் இரண்டு குழாய் இருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளத் தகரப்பெட்டி தொங்கும். ஃபிளாட் டேங்க்னு சொல்வாங்க. அதில் கொள்ளளவு கம்மி, சீட் உயரம் அதிகம். 1920களின் கடைசியில் ஒரு மாற்றம் வந்தது. குழாய்க்கு நடுவில் தொங்கவிடாம, குதிரை மேல சேணம் போடற மாதிரி மேல்குழாயின் இரண்டு பக்கமும் கால் தொங்கப்போட்டு உட்காரும் டேங்க். தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் தொழில்நுட்பம் வளர்ந்ததால் அது சாத்தியமாச்சு. பைக்குன்னு நாம மனசில் வரையற உருவமே அந்த டேங்க்தான். ராயல் என்ஃபீல்டு தன் வண்டிக்கு முதல்ல புல்லட்னு பேர் வெச்சது 1932-ல், அந்தக் கால வண்டிகளெல்லாம் சேண டேங்க் வண்டிகள்.

சேண வடிவத்தில் ஒரு சிக்கல் பிறந்தது. நடுவில் குழாய் போக ஒரு சுரங்கம், இரண்டு பக்கமும் தொங்கற இரண்டு பள்ளம். பெட்ரோலைவிட தண்ணி கனம். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணி ஒரு கிலோ. எனவே டேங்கில் எங்கே பள்ளமோ அங்கே தண்ணி போய் உட்காரும். பெட்ரோல் காக் ஒரு பக்கம் மட்டும் இருந்தா, இன்னொரு பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கிற தண்ணி வெளியே வர வழியே கிடையாது. வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து, அடிவிளிம்பில் இரண்டு தகடும் சேர்ற வெல்டிங் கோட்டைத் தின்னும். பழைய பைக்கில் டேங்க் ஒழுகினா பெரும்பாலும் ஒழுகற இடம் அந்த விளிம்புதான். "காக் இல்லாத பக்கம் பாருங்க, அங்கதான் எமன் உக்காந்திருப்பான்"னு அண்ணாச்சி சொன்னது இதைத்தான்.

புல்லட் நம்ம ஊருக்கு வந்த கதையில் சென்னை திருவொற்றியூர் இருக்கு. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆர்டரைப் பிடிச்சது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமானது. முதல்ல அங்கிருந்து பாகங்கள் பெட்டியில் வரும், இங்க பூட்டுவாங்க. அப்புறம் அச்சும் கருவியும் வந்தது, 1960களின் தொடக்கத்துக்குள் வண்டி முழுக்க இங்கேயே தயாரானது. ரெட்டிட்ச் இங்கிலாந்தில் தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். என்ஃபீல்டின் மூலக் கம்பெனியும் ஊசி செஞ்சதுதான். 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்னுபோச்சு. 1977-ல் திருவொற்றியூரில் செஞ்ச புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. இந்த இடத்தில் எனக்கு எப்பவும் ஒரு சின்ன சந்தோஷம் வரும், மறைக்க மாட்டேன்.

அந்த டேங்கில் ஓடற தங்க நிறக் கோடு, அது ஸ்டிக்கர் இல்ல. திருவொற்றியூரில் பிரஷ்ஷைப் பிடிச்சு, டேங்கின் வளைவு மேல ஒரே இழுப்பில் கையால் போட்ட கோடு. தலைமுறையா அதையே செய்யற குடும்பத்து ஆளுங்க போட்டது. மாமா டேங்கைச் சேறு கழுவினப்ப ஒரு பக்கத்துக் கோடு மறுபக்கத்தைவிட ஒரு நூல் தடிமனா இருந்ததைப் பார்த்தேன். மாமாவுக்கு அது முப்பத்தஞ்சு வருஷமா தெரியும்.

சரி, புல்லட் மெட்ராஸ் வண்டி. திருநெல்வேலிக்கு இந்தக் கதையில் பங்கு இல்லையான்னா, இருக்கு. டி.வி.எஸ். என்ற மூணு எழுத்தில் முதல் எழுத்து திருக்குறுங்குடி. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்த ஊர். தாமிரபரணிக் கரை இல்ல, அதுக்குத் தெற்கே நம்பியாற்றுப் பக்கம். ஆனா அதே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், அதே திருநெல்வேலி மாவட்டம். வக்கீல், ரயில்வே, பேங்க் வேலையெல்லாம் பார்த்துட்டு மதுரையை மையமா வெச்சு பஸ் விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தப்ப, பஸ்ஸை நிறுத்தாம இருக்க டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்னு ஒண்ணு தயாரிச்சாங்க. கரியை எரிச்சு வர்ற வாயுவில் வண்டி ஓடும். அதாவது நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர், எரிபொருள் மாறினா வண்டியையும் மாத்தியாகணும் என்ற பாடத்தை எண்பது வருஷம் முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கார். அந்தக் குழுமத்திலிருந்துதான் 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வரப்புக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஓடின முதல் மோட்டார் வண்டி நிறைய வீட்டில் அதுதான்.

டி.வி.எஸ். 50, ராஜ்தூத், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோட ஆயிலையும் டேங்கிலேயே கலந்து ஊத்துவோம். அந்த ஆயில் உள்சுவரில் மெல்லிசா ஒட்டிக்கும். அதனால் அந்த டேங்குகள் துருவை ஓரளவு தாக்குப்பிடிச்சதா மெக்கானிக்குகள் சொல்வாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் படுது, இரும்புக் கடாயை எண்ணெய் தடவி வெக்கிறதும் அதே விஷயம்தானே. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து ஃபோர் ஸ்ட்ரோக் பரவின பிறகு டேங்குக்குள் வெறும் பெட்ரோல். தகடு தனியா நின்னது.

இப்ப அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வருவோம்.

மாமா புல்லட் வாங்கின காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. காரீயச் சேர்மம், இன்ஜின் தட்டாம இருக்கக் கலந்தது. இந்தியாவில் ஈயமில்லாத பெட்ரோல் பெருநகரங்களுக்கு 1995-ல் வந்தது, நாடு முழுக்க ஈயம் நீங்கினது 2000 பிப்ரவரியில். அதுவரைக்கும் மெக்கானிக் கடைகளில் டியூபை வாயில் வெச்சு உறிஞ்சித்தான் பெட்ரோல் இறக்குவாங்க, சாயங்காலம் கை கழுவறதும் அதே பெட்ரோலில். என் தலைமுறைக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். அந்தத் தொழிலில் வளர்ந்த சின்னப் பையன்களோட ரத்தத்தில் எவ்வளவு ஈயம் சேர்ந்ததுன்னு யார் கணக்கெடுத்தா? வேடிக்கை என்னன்னா, அதே ஈயம் டேங்கைக் காப்பாத்தவும் பயன்பட்டது: போன நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் உலகமெங்கும் கார் டேங்குகளை காரீயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு போட்ட தகட்டில்தான் செஞ்சாங்க, துரு பிடிக்காம இருக்க. நம்ம பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாங்களே, அதோட தூரத்துச் சொந்தம்.

ஈயம் போச்சு. அதுக்கப்புறம் எத்தனால் வந்தது. 2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு என்று ஆரம்பம். நடுவில் பல வருஷம் தள்ளாடி, 2022-ல் நாட்டின் சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. 2030-க்கு வெச்சிருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கு முன்னாடி இழுத்தாங்க, அதையும் தொட்டாச்சு. காரணங்கள் நியாயமானவை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குப் பணம் வரும். இப்ப கரும்பு மட்டும் இல்ல, மக்காச்சோளமும் அரசுக் கிடங்கு அரிசியும்கூட எத்தனால் ஆகுது. அரிசி விளையற ஆற்றங்கரையிலிருந்து பேசறவன் என்ற முறையில் அந்த அரிசி விஷயம் எனக்கு உறுத்தல்தான், அது வேற நாள் பேச வேண்டியது.

டேங்குக்கு இதனால் என்ன? சுத்தமான பெட்ரோலும் தண்ணியும் ஒட்டாது. தண்ணி வந்தா அடியில் போய்த் தனியா கிடக்கும், காக்கைத் திறந்து வடிச்சா போயிடும். எத்தனால் தண்ணிக்கும் நண்பன், பெட்ரோலுக்கும் நண்பன். 10 சதவீதம் எத்தனால் இருக்கிற பெட்ரோல் தன் அளவில் சுமார் 0.5 சதவீதம் தண்ணியைக் கண்ணுக்குத் தெரியாம கரைச்சு வெச்சுக்கும். டேங்கில் 7 லிட்டர் இருந்தா 35 மில்லி, அரை டீ கிளாஸைவிடக் கம்மி. அதுவரைக்கும் நல்லதுதான், சின்ன ஈரத்தை அது இன்ஜின் வழியா வெளியே கொண்டுபோயிடும். அந்த அளவைத் தாண்டினா எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுட்டு தண்ணி பக்கம் போயிடும். இரண்டும் சேர்ந்து அடியில் ஒரு தனி அடுக்கு. மேல மிஞ்சற பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைஞ்ச சரக்கு. அடியில் இருக்கிறது இரும்பை அரிக்கிற சரக்கு. நான் பாட்டிலில் பார்த்த நடு அடுக்கு அதுதான்.

இதை வீட்டில் பார்க்கணும்னா, அளவுக் கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாய் போதும். 90 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி. மூடி, ஆட்டி, வெச்சுடுங்க. வெட்டவெளியில், அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாம. எத்தனால் இல்லாத பெட்ரோல்னா தண்ணி அதே 10-ல் நிற்கும். இ10-னா கீழ் அடுக்கு சுமார் 19-க்கு ஏறும், இ20-னா 28 பக்கம். தண்ணி தானா வளர்ந்த மாதிரி இருக்கும். வெள்ளத்தில் ஒவ்வொரு டேங்குக்குள்ளயும் நடந்தது இந்தப் பரிசோதனைதான், அளவுக்கோடு மட்டும் இல்ல.

இதில் எத்தனாலைத் திட்டறதுக்காகச் சொல்லலை. 2023 ஏப்ரலிலிருந்து வர்ற புது வண்டிகளின் ரப்பரும் உலோகமும் இ20-க்குத் தாங்கற மாதிரி செஞ்சவை. 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைச்சு இ10-க்கு ட்யூன் பண்ணின டூவீலர் இ20-ல் ஓடினா மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம்னு சொல்லுது. அதைக்கூடத் தாங்கிக்கலாம். என் ஆதங்கம், பழைய வண்டி வெச்சிருக்கிற பால்காரருக்கு இதை யாரும் ஒரு பேப்பரில் எழுதிக் கொடுக்கலை என்பது. பம்ப்பில் வேற பெட்ரோல் கேட்டு வாங்க வழி இல்லாதப்ப, குறைஞ்சபட்சம் டியூப் மாத்துங்க, வருஷம் ஒரு தடவை டேங்கைக் கழற்றிப் பாருங்க, வண்டியை மாசக்கணக்கில் அரை டேங்க்கோட நிறுத்தாதீங்கன்னு சொல்லியிருக்கலாம். எத்தனால் டேங்கில் இருபது வருஷமா படிஞ்ச பிசினையும் கரைச்சுக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். வண்டி திடீர்னு நின்னா அவர் மெக்கானிக்கைச் சந்தேகப்படுவார், மெக்கானிக் பம்ப்பைச் சந்தேகப்படுவார்.

உள்ளே பார்க்கறதுக்கு அண்ணாச்சி ஒரு சின்ன எல்இடி லைட்டை நூலில் கட்டி வாய் வழியா இறக்கினார். உள்சுவர் தெளிவா மூணு நிறம். மேல, பெட்ரோல் படாத பகுதியில், பழைய மெல்லிய துரு, பொடியா. அது வருஷக்கணக்கான மழைக்கால ஈரம். நடுவில் சாம்பல் நிறத் தகடு, பெட்ரோல் எப்பவும் நனைச்சுக் காப்பாத்தின பகுதி. அடியில், காக் இல்லாத பக்கத்துப் பள்ளத்தில், செங்கல் நிறத்தில் புது துரு. ஒரு டேங்கை லாக் ஃபைல் மாதிரி படிக்க முடியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

"92 வெள்ளத்துலயும் இப்படித்தான் வரிசையா வந்துச்சு"ன்னார். 1992 நவம்பரில் ராத்திரியோட ராத்திரியா தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் உயிர்கள் நிறைய போச்சு, இந்தப் பக்கத்தில் அதைப் பேசாத வீடு கிடையாது. "ஆனா அப்ப வந்த தண்ணியை வடிச்சு வெயில்ல காயவெச்சாப் போதும். இப்ப வாரது ஒட்டிக்கிடுது."

சுத்தம் செய்யற முறை ரொம்பப் பழசு. பழைய சைக்கிள் செயின் துண்டையும் கொஞ்சம் பெட்ரோலையும் போட்டு, வாயை அடைச்சு, குலுக்கு குலுக்குன்னு குலுக்கணும். இரண்டு பையன்கள் மாத்தி மாத்திக் குலுக்கினாங்க. அப்புறம் துருவைக் கரைக்கிற அமிலம், அப்புறம் சோடாத் தண்ணி, அப்புறம் வெயில். காய்ஞ்சதும் உடனே கொஞ்சம் ஆயில் ஊத்திச் சுழற்றணும், இல்லேன்னா கழுவின இரும்பு ஒரு மணி நேரத்தில் திரும்ப மஞ்சளாகும்.

ஓட்டை இருந்தா இன்னொரு கடை. பாத்திரம் அடைக்கிறவரோ டிங்கரோ. இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெஞ்சு மனசில் வெச்சுக்கோங்க. நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்க் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருக்கிறப்பதான் வெடிக்கும், காலி டேங்கில் இருக்கிறது கிட்டத்தட்ட அந்தக் கலவைதான். அதனால விஷயம் தெரிஞ்சவங்க டேங்கைப் பல தடவை கழுவி, விளிம்பு வரை தண்ணி நிரப்பி, பத்து போட வேண்டிய இடத்தை மட்டும் மேல வர்ற மாதிரி சாய்ச்சு வெச்சுட்டுத்தான் தீயைக் கிட்ட கொண்டுவருவாங்க. எந்தத் தண்ணியால் டேங்க் கெட்டதோ அதே தண்ணி. யூடியூப் பார்த்து இதைச் செய்யாதீங்க.

மாமா டேங்கில் ஓட்டை இல்ல. அன்னைக்கு ராத்திரியே மறுபடி பூட்டினாங்க. ஆனா பக்கத்தில் நின்ன ஒரு புது வண்டி, 2021 மாடல், அது ஒரு வாரம் அங்கேயே நின்னது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்ப்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. காற்று மாசு குறைஞ்சது, அதில் எனக்குச் சந்தோஷமே. டேங்குக்குள்ள ஒரு மின்சார பம்ப் உட்கார்ந்திருக்கு, ஒயர் கனெக்டர், அழுத்தத்தில் இருக்கிற குழாய். பெட்ரோல் காக் கிடையாது, ரிசர்வும் கிடையாது, அதுக்குப் பதில் மீட்டரில் ஒரு கோடு மினுக்கும். ரிசர்வ் என்கிறது ரொம்ப எளிமையான ஏற்பாடு: காக்கிலிருந்து டேங்குக்குள்ள இரண்டு துளை. ஆன்ல போட்டா அடியிலிருந்து கொஞ்சம் உயரமா நிற்கிற குழாய் வழியா பெட்ரோல் வரும். ரிசர்வ்ல போட்டா அடியோட அடியா இருக்கிற துளை வழியா. டேங்கில் தண்ணி இருந்தா ஆன்ல ஓடும்போது தெரியாது, ரிசர்வுக்கு மாத்தின உடனே வண்டி இருமும். பழைய ஆளுங்க வண்டி வாங்கும்போது ரிசர்வ்ல போட்டு ஓட்டிப் பார்ப்பாங்களே, அது பெட்ரோல் மிச்சம் பார்க்க இல்ல, டேங்கோட அடியைப் பார்க்க.

அந்தப் புது வண்டியின் பம்ப்பில் சேறு போயிருந்தது. உதிரிபாகம் சென்னையிலிருந்து வரணும், வழியில் ரோடும் ரயிலும் அப்பத்தான் சரியாகிக்கிட்டு இருந்தது. வண்டிக்காரர் டெலிவரி வேலை பார்க்கிறவர், அந்த வாரம் முழுக்க வாடகை சைக்கிளில் போனார். அண்ணாச்சியோட கடைப் பையன் ஒருத்தன், பத்தொன்பது வயசு இருக்கும், ஒரு பழைய பம்ப்பைப் பிரிச்சுப் போட்டு போனில் வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டு இருந்தான். "இதைப் பிரிக்கவே கூடாதுன்னு கம்பெனியில சொல்லுதாங்க அண்ணே"ன்னான், பிரிச்சுக்கிட்டே.

அடுத்த எபிசோடில், மேல சும்மா தொட்டுவிட்டுப் போன அந்தக் கரி பஸ்ஸைப் பத்திப் பேசலாம். போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாம தென்மாவட்டங்களில் பஸ் ஓடின கதை. உங்க வீட்டுத் தாத்தா, பாட்டி யாராவது அந்த பஸ்ஸில் போயிருந்தா, அதோட வாசனை எப்படி இருந்துச்சுன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.